தியானம் எல்லாருக்கும் பொருந்துமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்க் கோயிலின் மடத்தில், வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து திருநீறு வாங்கிய பிறகு, விரும்பியவர்கள் அரை மணி நேரம் அமைதியாக அமர்கிறோம். இந்த வழக்கம் தொடங்கிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. எழுந்த பிறகு கிணற்றடியிலும் செருப்புக் கழற்றும் இடத்திலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் முக்கால்வாசி திரும்பத் திரும்ப வருபவை. சிலர் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும் சேர்த்து, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த அளவில் விடை சொல்லியிருக்கிறேன். நான் குரு அல்லேன். பாய் விரித்து, விளக்கேற்றி, நேரம் பார்த்து மணி அடிப்பவன்.

தியானம் எண்டால் என்ன? சும்மா கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறதோ?

யோகத்துக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்று பதஞ்சலியும் சொன்னார், திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் சொன்னார்: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. இந்த வரிசையில் தியானம் ஏழாவது. பொய் சொல்லாமை, களவு செய்யாமை, பிற உயிரை வருத்தாமை ஆகியவை முதலாவது உறுப்பிலேயே வந்துவிடுகின்றன. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்போது நாம் பெரும்பாலும் செய்வது, வெளியே ஓடும் புலன்களைத் திருப்பும் பிரத்தியாகாரமும், மனத்தை ஓரிடத்தில் நிறுத்தப் பார்க்கும் தாரணையுமே ஆகும்.

தாரணை துளித்துளியாக விழும் நீர் போன்றது என்றும், தியானம் அறாமல் ஒழுகும் எண்ணெய் போன்றது என்றும் பெரியவர்கள் உவமை சொல்வார்கள். தியான முறை என்று நாம் கற்றுக்கொள்வது, எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாய்க்கும் வித்தை மாத்திரமே. பாத்திரத்தைச் சாய்க்கப் பல வழிகள் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல விடைகள் எளிதாக விளங்கும்.

ஆன்மிக விழிப்பு எண்டு சொல்லுறீங்கள். அது வந்தால் எப்பிடித் தெரியும்?

சைவ சித்தாந்தம் சொல்லும் வகையில், ஆணவம் என்னும் இருளில் கிடந்த உயிர், தான் கட்டுண்டிருப்பதை முதலில் உணர்கிறது. பிறகு, தன்னை இத்தனை காலமும் தாங்கி நின்றவன் ஒருவன் உண்டென்று உணர்கிறது. பௌத்தர் இதை வேறு சொற்களில், உயிர் என்ற கொள்கையே இல்லாமல் விளக்குவர். கிறிஸ்தவர் வேறு விதமாகச் சொல்வர். ஆனால் எல்லா மரபிலும் பெரியவர்கள் பார்த்த அடையாளம் ஏறக்குறைய ஒன்றே: "நான்", "எனது" என்ற பிடி தளர்கிறதா, பிறர் துன்பம் தன் துன்பமாகத் தெரிகிறதா? உடலில் ஏற்படும் சிலிர்ப்பை அவர்கள் அளவுகோலாக வைக்கவில்லை.

சுத்திவளைக்காமல் சொல்லுங்கோ. தியானம் எல்லாருக்கும் பொருந்துமோ, இல்லையோ?

இல்லை. எந்த ஒரு தியான முறையும் எல்லாருக்கும் பொருந்தாது. சிலருக்கு, சில காலங்களில், கண்மூடி அமரும் எந்த முறையுமே பொருந்தாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. நம்முடைய மரபே சரியை (உடலால் செய்யும் கோயில் தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம் என்று நான்கு நெறிகளை வகுத்து, யோகத்தை அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அப்பர் சரியைக்கும், சம்பந்தர் கிரியைக்கும், சுந்தரர் யோகத்துக்கும், மணிவாசகர் ஞானத்துக்கும் உரியவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். உழவாரம் பிடித்துக் கோயில் வீதியில் புல்லுச் செதுக்கிய அப்பரை, யோகநெறி நிற்கவில்லை என்பதற்காகக் குறைந்தவர் என்று எவரும் சொன்னதில்லை.

இந்த நான்கையும் அரும்பு, மலர், காய், கனிக்கு ஒப்பிட்டார் தாயுமானவர். அதைக் கேட்டுவிட்டு, அரும்பாக இருப்பது தாழ்வு என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அரும்பை விரலால் விரித்து மலராக்க முடியுமா? மேலும், ஒவ்வொரு நெறிக்குள்ளும் இந்த நான்கும் உண்டு என்று பிரித்து, பதினாறு வகையாகவும் நம் ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரியைக்குள்ளேயே சரியையில் யோகம் என்று ஒன்று இருக்கிறது. கையால் தொண்டு செய்துகொண்டே நெஞ்சால் ஒன்றி நிற்பது அது. ஆகவே கோயில் கூட்டுகிறவருக்கு யோகம் இல்லை என்று சொல்ல நம் மரபில் இடமே கிடையாது.

நம் தீவிலேயே எழுந்த இன்னொரு சான்றும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில், அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்த புத்தகோசர், விசுத்திமக்கம் என்ற நூலில் 40 தியானப் பொருள்களை எடுத்துக்கொண்டு, மனிதரை ஆறு சுபாவமாக வகுத்து, இன்னாருக்கு இன்னது ஏற்றது என்று பொருத்திக் காட்டினார். கோபம் மிகுந்தவருக்கு அன்பையும் கருணையையும் வளர்க்கும் தியானம். எண்ணங்கள் அலைபாய்கிறவருக்கு மூச்சு. ஆசை மிகுந்தவருக்கு உடலின் அழுகும் இயல்பைச் சிந்திப்பது. தியானத்தையே வாழ்க்கையாகக் கொண்ட துறவிகளுக்கே ஒரே முறையைக் கொடுக்கவில்லை என்றால், சந்தைக்கும் கந்தோருக்கும் போய்வரும் நமக்கு மட்டும் ஒரே முறை எப்படிப் போதும்?

நான் கோயிலுக்குப் பூக் கட்டிக் குடுக்கிறன். தியானம் ஒண்டும் தெரியாது. எனக்கு விழிப்பு வராதோ?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அறுபது வயதைக் கடந்த ஒரு தாயார். எனக்கு உடனே என் பெரியம்மாவின் நினைவு வந்தது. விடியப்புறம் முழுகிவிட்டு, ஈரக் கொண்டையுடன் விறாந்தையில் குந்தி, முதல்நாளே நனைய வைத்த வாழைநாரைப் பெருவிரல் நகத்தால் கீறி எடுப்பார். நந்தியாவட்டை இரண்டு இப்பக்கம், இரண்டு அப்பக்கம், நடுவில் ஒரு செவ்வரத்தை. நார் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே நுழைந்து, இறுகும். ஒவ்வொரு முடிச்சுக்கும் உதடு ஒருமுறை அசையும். காம்பு முறிந்த பூவை ஒதுக்கும்போதுகூட வீசமாட்டார். பக்கத்தில் இலையின் மேல் வைப்பார். ஒருநாள் மின்சாரம் நின்று விறாந்தை இருண்டபோது நான் திடுக்கிட்டுக் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. கை நிற்கவும் இல்லை.

மேலே சொன்ன எண்ணெய் ஒழுக்கு அதுதான் என்று, பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே மௌனமும் ஒருமையும் கையின் வேலைக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே, அம்மா, நீங்கள் பூவைக் கட்டுங்கள். கட்டும்போது ஊர்க்கதை வேண்டாம் என்பது ஒன்றுதான் நான் சொல்லக்கூடியது.

கண்ணை மூடினால் நித்திரைதான் வருகுது. என்ன செய்யிறது?

முதலில் உங்களுக்கு நித்திரை போதுமா என்று பாருங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கும் போய்வரும் ஒருவர் மாலையில் கண்மூடினால் நித்திரை வருவது உடலின் நியாயமான கோரிக்கை. அப்படியானவர் போய்ப் படுப்பதே நல்லது. நன்றாக உறங்கியும் இப்படி வருமானால், கண்ணைப் பாதி திறந்து விளக்கைப் பார்த்திருக்கலாம், அல்லது அமர்வதை விட்டுக் கோயிலை வலம் வந்து செபிக்கலாம்.

நிலத்தில இருக்க முழங்கால் விடுகுதில்லை. கதிரையில இருந்தால் பலன் குறையுமோ?

குறையாது. உடல் நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்பது பதஞ்சலியின் இலக்கணம். மடத்தில் ஆறு கதிரைகள் இருக்கின்றன.

மாதவிலக்கு நாளிலயும் துடக்கு வீட்டிலயும் தியானம் செய்யலாமோ?

செய்யலாம். கோயிலுக்குள் போவதும், பூசைப் பொருள்களைத் தொடுவதும் பற்றிய வழக்கங்கள் கோயிலோடு சேர்ந்தவை. மனத்தால் இறைவனை நினைப்பதற்கு நாள் தடை எதுவும் இல்லை. சொல்லப்போனால், வீட்டில் ஒரு சாவு நடந்து, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் சடங்குகள் முடியாமல் இருக்கும் அந்த நாட்களில்தான் ஐந்தெழுத்து அதிகம் வேண்டியிருக்கிறது. ஆனால் பெரும் துக்கத்தில் இருப்பவர் தனியே கண்மூடி நெடுநேரம் இருப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. திருவாசகத்தை நாலு பேர் சேர்ந்து வாய்விட்டுப் படிக்கும் நம் வழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல.

கண்ணை மூடினால் சண்டைக்காலத்துச் செல்லடியும் ஓட்டமும்தான் வருகுது. தொடர்ந்து இருந்தால் மாறிவிடுமோ?

இந்தக் கேள்விக்குத் தப்பான விடையை ஒருமுறை நான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை எழுதுவது நேர்மை ஆகாது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்களோடு அமர வந்தார். முதல் வெள்ளியிலும் இரண்டாம் வெள்ளியிலும் இடையில் எழும்பிவிட்டார். "கொஞ்சம் பொறுத்து இருங்கோ, பழகிவிடும்" என்றேன். மூன்றாம் வெள்ளி, பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டரைப் போட்டார்கள். நான் கண்ணைத் திறந்தபோது, அவருடைய வலக்கை தூணை இறுகப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளிறியிருந்தன. மேற்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு செருப்பும் போடாமல் வீதிக்கு இறங்கி, மணலில் போய் நின்றார். மோட்டர்ச் சத்தம் தனக்குள் விமானச் சத்தமாக மாறிவிட்டது என்று பின்னர் சொன்னார். 1995 ஒக்டோபர் இறுதியில், வலிகாமம் முழுவதும் போரால் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, அவர் தன் தகப்பனைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் போனவர். பொறுத்திருக்கச் சொன்னது என் பிழை.

நடப்பது இதுதான். பேராபத்தைக் கண்ட மனம், அந்த ஆபத்து முடிந்துவிட்டது என்பதைச் சுற்றுப்புறத்தைப் பார்த்தே தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறது: இது மடம், அது விளக்கு, இவர்கள் ஊரவர்கள். கண்ணை மூடச் சொல்லும்போது அந்தச் சாட்சிகளை நாம் பறித்துவிடுகிறோம். உள்ளே திரும்பிய கவனம், ஆறாத வடுவில் போய் முட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, உடல் அந்த நாளுக்கே போய்விடுகிறது. இந்த நிலையில் இன்னும் நெடுநேரம் அமர்வது பலருக்கு வடுவைக் கிளறுமே ஒழிய ஆற்றாது.

அதற்காக மரபு வழிகள் எல்லாமே ஆபத்து என்று கொள்ளவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சாந்தியாசனம், மூச்சுப் பயிற்சி, அவரவர் சமயத்துக்கு ஏற்ற செபம் ஆகியவற்றைச் சிகிச்சையின் பகுதியாகப் பயன்படுத்தினார். அங்கே முக்கியமானது, கூடவே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்ததும், ஆளுக்கு ஏற்றதைத் தெரிந்தெடுத்ததும் ஆகும். என்னிடம் வந்தவர், ஆஸ்பத்திரியில் உளமருத்துவப் பிரிவில் காட்டிக்கொண்டார். இப்போது எங்களோடு அமர்வதில்லை. வெள்ளி பின்னேரம் வெளிவீதியைக் கூட்டுகிறார்; கூட்டிய பிறகு, கண் திறந்தபடி, சிவபுராணத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மூன்று முறை வலம் வருகிறார். கால் மணலில் பதிவதைக் கவனித்து நடக்கிறார். அவருக்குப் பொருந்திய சாதனை அது.

மகள் மனவருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறாள். தியானம் பழகினால் குளிசையை நிப்பாட்டலாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். உண்மையோ?

உண்மை அல்ல. அப்படிச் சொன்னவர் எவராக இருந்தாலும் அவர் சொல்வதைக் கேட்கவேண்டாம். மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, கடும் மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மருந்தைத் திடீரென நிறுத்துவது, நோய் முன்னைவிட மோசமாகத் திரும்ப வழிவிடும். இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு நித்திரை குறைவதே நோயைக் கிளப்பக்கூடியது. ஆகவே விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பும் கடும் சாதனைகள் அவருக்கு ஆகா. குரல் கேட்கும் அனுபவம் முன்பு இருந்தவரை, உள்ளே ஓசையைக் கேள் என்று அமர்த்துவதும் அறியாமை.

உங்கள் மகளுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்றால் பண்ணிசை வகுப்புக்கு அனுப்புங்கள். அமர விரும்பினால், வைத்தியரைக் கேட்டு, உங்களோடு ஐந்து நிமிடம், விளக்கின் முன்னால், கண் திறந்து இருக்கலாம். அவசர நிலையில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழைக்கலாம். வருத்தம் வந்த பிள்ளையைப் பக்குவம் இல்லாத ஆன்மா என்று எவரும் சொல்ல விடாதீர்கள்.

தியானத்தால தீங்கும் வருமெண்டு ஆராய்ச்சி சொல்லுது எண்டு லண்டனில இருக்கிற தம்பி அனுப்பினவன். இதெல்லாம் எங்கட முறையைப் பழிக்கிற கதையோ?

பழிப்பு அல்ல. 2017 இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மேற்குலகில் பௌத்த தியானம் பழகியவர்களை நேர்கண்டு, பயம், நித்திரையின்மை, தன் உடலே தன்னுடையதல்ல என்ற உணர்வு போன்ற அனுபவங்களைத் தொகுத்தார்கள். 2020 இல் வெளிவந்த இன்னொரு மீளாய்வு, 83 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதத்தினர் ஏதாவது ஒரு பாதகமான அனுபவத்தை அடைந்ததாகக் கணித்தது. அவற்றுள் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் காணப்பட்டன. முன்பு எந்த மனநோயும் இல்லாதவர்களுக்கும் இவை வந்தன. பன்னிரண்டு பேரில் ஒருவர் என்று வையுங்கள். எங்கள் மடத்தில் இருபத்தைந்து பேர் அமர்ந்தால், அவர்களில் இரண்டு பேரை நான் கவனித்துப் பார்க்கவேண்டும் என்று இந்தக் கணக்கு எனக்குச் சொல்கிறது.

நம் முன்னோருக்கும் இது புதிதல்ல. முறை தவறிய மூச்சுப் பயிற்சி நோய் தரும் என்று யோக நூல்களே எச்சரிக்கின்றன. தியானம் ஒரு மருந்தைப் போல உள்ளே வேலை செய்கிறது என்று நம்புகிறவர்கள், அது ஒருபோதும் எவரையும் பாதிக்காது என்றும் சேர்த்து நம்புவது பொருந்தாது.

பத்து நாள் பேசாமல் இருக்கிற முகாமுக்குப் போகட்டோ?

மியன்மாரில் பிறந்த எஸ். என். கோயங்கா, 1969 இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய பத்து நாள் விபஸ்ஸனா முறையைத்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். விடிய நாலு மணிக்கு எழுந்து, நாளுக்குப் பத்து மணி நேரம் அளவில் அமர்வது அது. போய் வந்து நன்மை அடைந்தவர்களை அறிவேன். ஆனால் ஒருநாளும் இருபது நிமிடம்கூட அமர்ந்து பழகாதவர், அல்லது மேலே செல்லடி பற்றிய விடையில் சொன்ன நிலையில் இருப்பவர், முதலடியிலேயே அங்கே போவதை நான் ஆதரிப்பதில்லை. விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பார்கள். அதில் ஒளிக்காமல் எழுதுங்கள். இடையில் முடியவில்லை என்றால் எழுந்து வருவது தோல்வி அல்ல.

சைவராய் இருந்துகொண்டு பௌத்தரிட தியானம் செய்யிறது பிழையோ? வேதக்காரர் எங்களோட வந்து இருக்கலாமோ?

மூச்சைக் கவனிப்பதற்குச் சமயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தத்துவ வீட்டில் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆன்மா என்று ஒன்று இல்லை என்பதைக் காண்பதற்காக அமைந்த முறையை, ஆன்மா சிவனைச் சேர்வதற்காக அமர்கிறவர் செய்யும்போது, சில வருடங்களில் உள்ளே ஒரு இழுபறி வரலாம். அப்போது குழம்பாமல் ஒன்றைத் தெரிந்தெடுக்கவேண்டும். கிறிஸ்தவச் சகோதரர்கள் எங்களோடு அமர்கிறார்கள். அவர்கள் இயேசுவின் நாமத்தைச் சொல்கிறார்கள். இஸ்லாமியருக்கு, இறைவன் பெயரை நினைந்து சொல்லும் திக்ர் இருக்கிறது. அவரவர் நாவுக்குச் சிறுவயதிலிருந்து பழகிய பெயர்தான் ஆழமாக இறங்கும் என்பது என் எண்ணம்.

பிள்ளையளுக்குப் பழக்கினால் படிப்பு ஏறும் தானே?

ஐக்கிய இராச்சியத்தில் 85 பாடசாலைகளில், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனக்கவனப் பயிற்சி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2022 இல் வந்தது. பயிற்சி பெற்ற, 11 முதல் 14 வயதான பிள்ளைகளின் மனநலம், வழக்கமான பாடசாலை நிகழ்ச்சிகளில் இருந்த பிள்ளைகளின் நிலையைவிட மேம்படவில்லை. பெரும்பாலானோர் வீட்டில் பயிற்சியைச் செய்யவும் இல்லை. ஆகவே புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளையைக் கண்மூடி இருத்தவேண்டாம். தேவாரம் பாடட்டும், கந்தபுராணப் படிப்பைக் கேட்கட்டும், திருவிழாவில் தேர் வடம் பிடிக்கட்டும். அந்த வயதுக்குச் சரியையே இயல்பு.

வெளிச்சம் தெரியுது, மணி ஓசை கேக்குது. நான் எந்தக் கட்டத்தில நிக்கிறன்?

கட்டம் எதையும் இதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவது கேள்விக்கான விடையில் சொன்ன அளவுகோலையே மறுபடி பாருங்கள். வெளிச்சம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். தலையிடி, நித்திரையின்மை, பயம் ஆகியவை சேர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

குரு இல்லாமல் யூரியூப்பைப் பார்த்துப் பழகலாமோ?

செபம், தேவாரம், சில நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தாமல் கவனித்திருத்தல் ஆகியவற்றுக்கு அது போதும். மூச்சை நெடுநேரம் அடக்குதல், வேகமாக ஊதி இழுத்தல், குண்டலினியை எழுப்புதல் ஆகியவற்றுக்குப் போதாது. உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அவற்றைத் திரையைப் பார்த்துச் செய்யவே கூடாது. திரைக்கு உங்கள் முகம் தெரியாது. நீங்கள் வெளிறினாலும் அது பேசிக்கொண்டே இருக்கும்.

இணையவழியில் "சக்தி ஏற்றுகிறோம்" என்று பெரும் பணம் கேட்பவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசை அதில் கொட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு இது பொருந்தவில்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பக்கூடியவரா என்று பாருங்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுப்பவரிடம் போகவேண்டாம்.

யோகர் சுவாமி "சும்மா இரு" எண்டார். அப்ப முறை ஒண்டும் தேவையில்லைத் தானே?

நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியிடம் வந்தவர் யோகர் சுவாமி (1872–1964). கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த உத்தியோகத்தை விட்டு வந்தவர். கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியில் வருடக்கணக்காகக் கடுந்தவம் இருந்த பிறகே அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது. மதயானையை அடக்கலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று தாயுமானவர் பாடியதும் இந்தச் சும்மாவைத்தான். சோம்பிக் கிடப்பது அதன் பொருள் அல்ல.

அதேவேளை, சுவாமி தம்மிடம் வந்த எல்லாரையும் கண்மூடி இருக்கச் சொல்லவில்லை. சிவதொண்டு என்ற சொல்லைத்தான் அவர் ஊருக்கு முன்வைத்தார்; 1935 இல் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயரே சிவதொண்டன். உத்தியோகத்தரும், கமக்காரரும், குடும்பப் பெண்களும் தத்தம் வேலையைச் சிவதொண்டாகச் செய்யலாம் என்பது அதன் உட்பொருள். அதே அன்பர் வட்டத்தில் தியானத்துக்கும் இடம் இருந்தது. இரண்டையும் ஒரே ஆசிரியர் வைத்திருந்தார் என்பதிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. திருவண்ணாமலையில் இரமணரும் (1879–1950) இப்படித்தான்: ஆன்ம விசாரத்தை நேர்வழியாகச் சொன்னாலும், அது இயலாதவர்களைச் சரணாகதிக்கும் செபத்துக்கும் கிரிவலத்துக்கும் வழிப்படுத்தினார்.

எல்லாம் அருளால் எண்டால், நாங்கள் பாடுபட்டு இருக்கிறது எதுக்கு?

இதுதான் எனக்குக் கேட்கப்பட்டவற்றுள் மிகக் கடினமான கேள்வி. சித்தாந்தம் ஆணவத்தைக் கண்ணை மறைக்கும் படலத்துக்கு ஒப்பிடுகிறது. வெண்படலம் மூடிய கண்ணை உடையவர், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தப் பார்வையின் பலத்தால் படலம் கழலாது, வைத்தியர்தான் எடுக்கவேண்டும். ஆனால் வைத்தியரிடம் நடந்து போவதும், மேசையில் அசையாமல் கிடப்பதும் நோயாளியின் பங்கு. தியானம் உற்றுப் பார்ப்பதாக இருந்தால் அதனால் பயன் குறைவு. அசையாமல் கிடப்பதாக இருந்தால் பயன் உண்டு.

அருள் பதிவதிலும், மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு படி சொல்லி, அவற்றை முறையே சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பவற்றோடு பொருத்தியிருக்கிறார்கள். இதை நான் விளங்கிக்கொள்ளும் விதம்: ஒருவருக்குப் பூக் கட்டத் தோன்றுவதும், இன்னொருவருக்கு அமரத் தோன்றுவதும் அருள் அந்தந்த அளவில் பதிந்ததன் அடையாளம். நாயன்மார் அறுபத்து மூவரைப் பாருங்கள். திருமூலர் யோகி, பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார், கண்ணப்பருக்கு முறை எதுவுமே தெரியாது, ஆறே நாளில் காரியம் முடிந்தது. மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தித்தான் நாம் கும்பிடுகிறோம்.

பத்து வரியமாய் இருக்கிறன். ஒண்டும் நடக்கேல்லை. எனக்கு இது பொருந்தாது எண்டு விட்டுவிடவோ?

எது நடக்கவில்லை என்று முதலில் உங்களையே கேளுங்கள். எதிர்பார்த்தது வெளிச்சமும் ஆனந்தமும் என்றால், அதுபற்றி மேலே சொல்லிவிட்டேன். அமர்ந்து எழுந்த கையோடு வீட்டில் முதலில் எதிர்ப்படுகிறவரோடு எப்படிக் கதைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். பத்து வருடத்துக்கு முன்பு கோபம் எத்தனை நாள் நின்றது, இப்போது எத்தனை மணி நேரம் நிற்கிறது? இதை உங்களைவிட உங்கள் மனைவி சரியாகச் சொல்வார். அவரிடம் கேளுங்கள்.

அங்கேயும் மாற்றம் இல்லை, அமர்வது வெறும் கடனாகிவிட்டது, எழும்போது எரிச்சல்தான் மிஞ்சுகிறது என்றால், மூன்று மாதம் விட்டுப் பாருங்கள். விடுவதை ஒளித்துச் செய்யவேண்டாம், குற்றமாகவும் நினைக்கவேண்டாம். அந்த அரை மணி நேரத்தைத் தேவாரம் ஓதவோ, சந்நிதியில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டவோ, படுக்கையில் கிடக்கும் உறவினருக்குப் பக்கத்தில் இருக்கவோ கொடுங்கள். மூன்று மாதத்தின் பின் அமரவேண்டும் என்ற தாகம் தானாக வந்தால் திரும்ப வாருங்கள். வராவிட்டால் உங்கள் நெறி வேறு. எப்படியானாலும் வெள்ளிக்கிழமை மடத்துக்கு வருவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாய் உதறவும் விளக்குத் துடைக்கவும் எங்களுக்கு ஆள் போதாது.